செம்பி பின்னிய இலைச் சால்வை

மலைக்காட்டில் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் நின்ற நாவல் மரத்தில் செம்பி என்ற அணில் குடியிருந்தது. செம்பிக்குக் கம்பளி பின்னத் தெரியும். தெரியும் என்றால், துளை விடாமல் ஒரே சீராகப் பின்னும் நேர்ப்பின்னல் மட்டும் தெரியும். அதுவரை இரண்டு கழுத்துத் துண்டுகள் பின்னியிருந்தது. இரண்டும் நன்றாகவே வந்திருந்தன.

குளத்துக்கு அந்தப் பக்கம் புல்வெளி. அங்கே பூவாத்தா என்ற செம்மறி ஆடு மேய்ந்து வந்தது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் பூவாத்தாவுக்குச் சொறி கண்டு, முதுகில் இருந்த ரோமம் எல்லாம் உதிர்ந்துவிட்டது. சொறி ஆறிவிட்டது. ரோமம்தான் முளைக்கவில்லை. மார்கழி நெருங்கிக்கொண்டிருந்தது. மார்கழியில் அந்தப் புல்வெளியில் உறைபனி விழும்.

முள்செடிகளில் சிக்கிக் கிடந்த தன் ரோமத்தைப் பூவாத்தா கொத்துக் கொத்தாகப் பொறுக்கியது. ஓடையில் அலசிக் காயவைத்தது. குளம்புகளுக்கு இடையில் வைத்து உருட்டி நூலாகத் திரித்தது. குளம்பால் திரித்த நூல் மெல்லியதாகவா இருக்கும்? கோரைத்தண்டு தடிமனில் இருந்தது. ஐந்து உண்டைகள் தேறின. அவற்றைச் செம்பியிடம் கொண்டு வந்து, முதுகை மூட ஒரு சால்வை பின்னித் தரும்படி கேட்டது.

"அழகெல்லாம் வேண்டாம் செம்பி. குளிர் தாங்கினா போதும்" என்றது.

செம்பி சரி என்றது.

அன்று மாலையே நீலவேணி என்ற மீன்கொத்தி, தான் பின்னிய சால்வையைப் போர்த்திக்கொண்டு குளத்துக்கு வந்தது. இலவம்பஞ்சில் இழைத்த மெல்லிய நூல். சால்வை முழுவதும் இலை இலையாகத் துளைகள் விட்டுப் பின்னியிருந்தது. வெயில் பட்டதும் இலைகளின் நிழல் தண்ணீரில் ஆடியது. மைனாக்களும் முயல்களும் சுற்றி நின்று வாய் ஓயாமல் புகழ்ந்தன.

செம்பிக்கு மனம் தாங்கவில்லை. தன் கழுத்துத் துண்டுகளை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. அது நீலவேணியிடம் போய் அந்தப் பின்னல் மாதிரியைக் கேட்டது.

நீலவேணி கொடுக்கத் தயங்கியது. இது மெல்லிய நூலுக்கான மாதிரி என்றது. ஒவ்வொரு வரிசையிலும் கண்ணிகளை எண்ண வேண்டும், ஒன்று தவறினால் இலை கோணிவிடும் என்றது. இதற்கு முன் எத்தனை சால்வை பின்னியிருக்கிறாய் என்றும் கேட்டது.

"பத்துப் பன்னிரண்டு இருக்கும்" என்று செம்பி சொன்னது. நூலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நீலவேணி அதை நம்பி மாதிரியைச் சொல்லிக் கொடுத்தது.

மறுநாள் குளத்தங்கரையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பூவாத்தாவுக்கு இலைச் சால்வை வரப்போகிறது என்று செம்பியே சொல்லிக்கொண்டு திரிந்தது.

ஆனால் வேலை கைக்கு வரவில்லை. தடித்த நூலில் இலை இலையாகத் தெரியவில்லை, முடிச்சு விழுந்ததைப் போல் புடைத்தது. துளைகள் நெல்லிக்காய் அளவுக்கு வாய் பிளந்தன. பத்தாவது வரிசையில் எண்ணிக்கை தப்பியது. செம்பி பிரித்துவிட்டு மறுபடி தொடங்கியது. மறுபடியும் தப்பியது. நான்கு முறை பிரித்தது. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் நூல் நைந்தது. நைந்த துண்டுகளை அறுத்து எறிந்ததில் ஓர் உண்டை போய்விட்டது.

நேர்ப்பின்னலுக்கு மாறிவிடலாம் என்று அதற்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் ஊரெல்லாம் இலைச் சால்வை என்று சொல்லியாகிவிட்டது. இப்போது மாற்றினால் மைனாக்கள் என்ன சொல்லும்?

பூவாத்தா இரண்டு முறை வந்து கேட்டது. இன்னும் நாலு வரிசைதான் என்று இரண்டு முறையும் செம்பி சொல்லி அனுப்பியது.

மார்கழி பிறந்தது. செம்பி எப்படியோ ஒரு சால்வையை முடித்து, குளத்தங்கரையில் எல்லோர் முன்னாலும் பூவாத்தாவின் முதுகில் போர்த்தியது. தூரத்தில் இருந்து பார்க்க அது அழகாகத்தான் இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். செம்பி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பூவாத்தா கழுத்தைத் திருப்பிச் சால்வையை ஒருமுறை பார்த்தது. நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டது.

மூன்றாம் நாள் விடியலில் உறைபனி விழுந்தது. செம்பி மரத்தில் இருந்து எட்டிப் பார்த்தது. புல்வெளி நடுவில் பூவாத்தா வெயிலுக்காகக் காத்து நின்றது. அதன் முதுகில் இலைகள் வெள்ளை வெளேர் என்று மின்னின. என்ன அழகு என்று நினைத்துக்கொண்டு செம்பி அருகில் ஓடியது.

மின்னியது நூல் அல்ல. ஒவ்வொரு துளைக்குள்ளும், ரோமம் இல்லாத தோலின் மேல், பனி படிந்திருந்தது. பூவாத்தாவின் கால்கள் நடுங்கின. செம்பியைக் கண்டதும் அது நடுக்கத்தை அடக்கப் பார்த்தது, முடியவில்லை.

"சால்வை நல்லாத்தான் இருக்கு செம்பி. எனக்குத்தான் வயசாயிடுச்சு, குளிர் தாங்கல" என்றது.

செம்பி திரும்பி ஓடி மரப்பொந்துக்குள் புகுந்துகொண்டது. அன்று பகல் முழுவதும் ஒன்றும் தின்னவில்லை. யாராவது தன்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. எல்லோரும் பாராட்டியபோது வாலைத் தூக்கிக்கொண்டு நின்ற தன்னை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

மாலையில் அது புல்வெளிக்குப் போனது. பூவாத்தாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னது.

"அக்கா, குத்தம் உங்க வயசுல இல்ல. இந்த நூலுக்கு இந்த மாதிரி ஆகாது. எனக்கு இதைப் பின்னவும் தெரியாது. பேர் வாங்கணும்னு பின்னிட்டேன்."

"தெரியும்" என்றது பூவாத்தா. "போர்த்தின அன்னைக்கே தெரியும். எல்லார் முன்னாலயும் நீ அவ்வளவு சந்தோஷமா நின்னே. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

செம்பிக்கு அழுகை வந்தது. இதைவிட ஓர் உதை வாங்கியிருக்கலாம்.

மறுநாள் காலை செம்பி குளத்தங்கரையில், எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே உட்கார்ந்து சால்வையைப் பிரித்தது. மைனாக்கள் கேட்டபோது நடந்ததைச் சொன்னது. நீலவேணி வந்ததும், தான் பின்னியது பத்துப் பன்னிரண்டு சால்வை அல்ல, இரண்டே இரண்டு கழுத்துத் துண்டுகள்தான் என்று சொன்னது. நீலவேணி நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஊசியை மட்டும் பெரிதாக வைத்துக்கொள், இந்த நூலுக்கு உன் நேர்ப்பின்னல்தான் சரி என்றது.

இரண்டு நாளில் சால்வை முடிந்தது. துளை இல்லை, இலை இல்லை, ஒரு கோணல் இல்லை. கனமாகவும் கதகதப்பாகவும் இருந்தது. ஆனால் வீணான நூல் வீணானதுதான். கழுத்தில் இருந்து இடுப்பு வரைக்கும்தான் எட்டியது. அதற்கு மேல் ஒரு வரிசைக்கும் நூல் இல்லை.

பூவாத்தா அதைப் போர்த்திக்கொண்டது. அதன் கால் நடுக்கம் நின்றது. கதகதப்பாக இருக்கிறது என்று வாய் நிறையச் சொன்னது.

அந்த மார்கழி முழுவதும் பூவாத்தா காலை வெயிலுக்குப் பின்பக்கத்தைக் காட்டியபடிதான் மேய்ந்தது. செம்பி ஒவ்வொரு நாளும் மரத்தில் இருந்து அதைப் பார்த்தது. மூடப்படாத அந்த இரண்டு சாண் இடத்தைத் தவிர வேறொன்றும் அதன் கண்ணில் படவில்லை.

கையில் இருக்கும் நூலையும் கைக்கு வந்த வேலையையும் பார்க்காமல் பெருமைக்காக ஒன்றைத் தொடங்குகிறவர், கடைசியில் தம்மை நம்பியவரைத்தான் குளிரில் நிறுத்துகிறார்.