சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டிய மனசு

கரட்டுப்பாளையத்தில் செங்கோடன், வையாபுரி, நாச்சிமுத்து என்று அண்ணன் தம்பிகள் மூவர். மூவருக்கும் உடம்பில் தெம்பு ஏராளம். மற்றதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை.

மூத்தவன் செங்கோடனுக்கு மாமன் மகள் தெய்வானை மேல் ஆசை. மாமனோ, "கோகுலாஷ்டமிக்கு வழுக்குமரம் ஏறி உச்சியில கட்டின வாழைப்பழச் சீப்பை எடு, பொண்ணைத் தர்றேன்" என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு வருஷமும் செங்கோடன் பாதி மரத்தில் தெய்வானையைத் திரும்பிப் பார்ப்பான். வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடுவான்.

மூவரும் மலைக்கோயில் சாமியாரிடம் போய் யோசனை கேட்டார்கள்.

"வழுக்கல் மரத்துல இல்லையப்பா, மனசுல இருக்கு" என்றார் அவர். "மனசு ஒரு குரங்கு. தாவிக்கிட்டே இருக்கும். அதை ஓரிடத்துல கட்டிப்போட்டா நீ உச்சிக்குப் போயிடுவே."

இறங்கும் வழியில் பாறைமேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது.

"அண்ணா, அது உன் மனசுதான்" என்றான் வையாபுரி. "எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு உன்னையே பார்க்குது."

நாச்சிமுத்துவுக்குச் சந்தேகம். "வாலு இருக்குதே?"

"உள்ளே இருக்கிறப்போ சுருட்டி வெச்சிருக்கும்" என்றான் செங்கோடன்.

கடலையைக் காட்டிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வழுக்கல் மனசில்தானே இருக்கிறது? சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். குரங்கு மூவரையும் கடித்தது.

"அண்ணனுக்கு மனசுல இவ்வளவு கோபம் இருக்குன்னு இத்தனை நாள் தெரியலையே" என்று நாச்சிமுத்து வருத்தப்பட்டான்.

திருவிழா அன்று குரங்கை வேப்பமரத்தில் கட்டிவிட்டுச் செங்கோடன் ஏறினான். மனசுதான் கட்டிக் கிடக்கிறதே, ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பாதி மரம் தாண்டிவிட்டான். ஊரே வாயைப் பிளந்தது.

அப்போது குரங்கு வாழைப்பழத்தைப் பார்த்தது. அதன் பிறகு அது வேறு எதையும் நினைக்கவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்து, செங்கோடன் முதுகில் ஒரு மிதி, தலையில் ஒரு மிதி. சீப்போடு குதித்து மலைப்பக்கம் ஓடிவிட்டது.

"அண்ணா, உன் மனசு உச்சிக்குப் போயிருச்சு" என்று கத்தினான் வையாபுரி.

செங்கோடன் மெய்சிலிர்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். உடனே கீழே வந்து சேர்ந்தான்.

"பழத்தை எடுத்தது குரங்கல்லவா?" என்றார் மாமன்.

"அது அண்ணனோட மனசுங்க மாமா. சீயக்காய் தேய்ச்சவன் நான், எனக்குத் தெரியாதா?" என்றான் நாச்சிமுத்து.

மாமன் வெகுநேரம் யோசித்தார். அவரும் அந்த ஊர்தானே. "அப்போ சரி" என்றார்.

தெய்வானைதான் ஒத்துக்கொள்ளவில்லை. "மனசில்லாத ஆளை எப்படிக் கட்டிக்கிறது? முதல்ல அதைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

மறுநாள் மூவரும் மலையேறி, கண்ணில் பட்ட குரங்குக்கெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்துக் கல்யாணத்துக்கு அழைத்தார்கள். எல்லாக் குரங்கும் வாங்கிக்கொண்டது.

"எல்லாம் வருதாமே" என்று வையாபுரி கவலைப்பட்டான். "இதுல எது உன் மனசுன்னு எப்படிண்ணா கண்டுபிடிக்கிறது?"

"பொண்ணுக்குப் பக்கத்துல போய் உட்கார்றது எதுவோ, அதுதான்."

தம்பிகள் இருவரும் ஒப்புக்கொண்டு, கூடுதலாக மணைப்பலகை செய்யச் சொல்லத் தச்சன் வீட்டுக்கு ஓடினார்கள்.