கவ்வன் கைவிட்ட கதவு

கிருமிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒரு கன்றுக்குட்டியின் குடலில் குச்சியம்மாள் என்ற கிருமி குடித்தனம் நடத்தினாள். அவள் வீட்டில் பால் சர்க்கரைக்கென்றே தனி அடுப்படி. அதன் கதவைக் கவ்வன் என்ற காவலாளி இறுகப் பிடித்திருப்பான். பால் சர்க்கரை கைக்கு வந்தால் அதைக் கவ்விக்கொண்டு கதவை விடுவான். அடுப்பு எரியும். வீட்டார் சர்க்கரையைத் தின்று தீர்த்ததும் அவன் கை காலியாகும். மறுபடி கதவைப் பிடிப்பான். ஒழுங்கான வீடு.

மனிதனுக்குப் பொறுக்குமா? வெள்ளை அங்கிக்காரன் ஒருவன் அவளைப் பிடித்துக் குடுவையில் போட்டான். அந்த அடுப்பு எரிந்தால் தன் பண்டமும் சேர்ந்து வேகும்படி, அடுப்படிக்குள் தனக்கு வேண்டிய சமையல் முறையைச் செருகினான். சத்தான கஞ்சி ஊற்றினான். குச்சியம்மாள் இரண்டானாள், நாலானாள், கஞ்சியே கலங்கும்படி பெருகினாள். வீட்டுக்கு வீடு ஒரு கவ்வன். "தங்கமான மனுஷன்" என்று கஞ்சி ஊற்றியவனுக்கு அவள் நற்சான்று வேறு! ஆள் சேரட்டும் என்றல்லவா அந்தப் பாவி காத்திருந்தான்.

கஞ்சி கலங்கியதும் ஒரு வெள்ளைப் பொடியைத் தூவினான்.

"அம்மா, பால் சர்க்கரை!" என்று கவ்வன் கதவை விட்டான்.

"நாக்கில் வைத்துப் பார்த்தாயாடா?"

"கையில் பிடித்தாலே தெரியாதா எனக்கு? நக்கிப் பார்ப்பதா காவல்காரன் வேலை?"

அடுப்பு பற்றிக்கொண்டது. வீட்டார் பொடியைக் கடித்தார்கள். பல் போனதுதான் மிச்சம். அது உடையவுமில்லை, செரிக்கவுமில்லை.

"கதவைச் சாத்துடா, நாசமாய்ப் போறவனே!"

"கையில் இருப்பது தீர்ந்தால்தானே அம்மா சாத்துவேன்? தீரமாட்டேன் என்கிறதே!"

வீட்டுச் சத்தெல்லாம் அந்நியன் பண்டத்துக்கே போயிற்று. கூடம் முழுக்கக் கட்டி கட்டியாய்க் குவிந்தது. அதற்குப் பிறகு ஒரு பிள்ளை பிறக்கவில்லை. குச்சியம்மாளுக்கு மூச்சுவிட இடமில்லை.

"யாருக்கய்யா இதெல்லாம்?" என்று கத்தினாள்.

"எங்கள் நோயாளிகளுக்கு மருந்து."

"அதை வாய்விட்டுக் கேட்டால் என்ன? நிஜப் பாலை ஊற்றிக் கேட்டிருந்தால் செய்து தந்திருப்பேனே!"

"பாலை ஊற்றினால் குடித்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவாயே" என்றான். வெட்கமே இல்லை. சொல்லிவிட்டு, வீட்டை உடைத்துப் பண்டத்தை வாரிக்கொண்டு போனான்.

கஞ்சி கலங்கும்வரை காத்திருந்து பொடி போடும் வழக்கம் சோதனைக்கூடங்களில் அன்றைக்கு வந்ததுதான். கவ்வன் இன்னும் அதை நக்கிப் பார்க்கவில்லை.