தண்டச்சோற்றுப் பட்டியல்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், ஒரு ராஜா இருந்தார். எழுபது வயது, கெட்டியான உடம்பு. பல்வலி வந்தால்தான் அவருக்கு நாட்டைப் பற்றிய யோசனையே வரும். அப்படி ஒரு விடியற்காலையில் பல்லக்கில் போனவர், நாற்சந்தியில் அரிவாளும் மண்வெட்டியுமாக நாற்பது பேர் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"யார் இவர்கள்?"

கூடவே வந்த மந்திரி அனந்தசயனர் ஏட்டைப் புரட்டினார். ஜனங்களைக் குறிக்க அவர் ஏட்டில் இரண்டே சொற்கள். வேலையில் இருப்பவன் வேலையாள். மற்றவன் எல்லாம் தண்டச்சோறு.

"தண்டச்சோறுகள், பிரபு. யாராவது வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று தினமும் இப்படித்தான் நிற்கிறார்கள்."

ராஜாவுக்குப் பல் சுரீரென்றது. அங்கேயே ஆணை பிறந்தது. "வேலைக்குக் காத்திருப்பவன் ஒருவன்கூட இனி என் நாட்டில் இருக்கக் கூடாது. யார் எந்த வேலைக்குக் காத்திருக்கிறானோ, அந்த வேலையை நாளை மாலைக்குள் அவனுக்குக் கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டால் அவனை எல்லைக்கு அப்பால் விரட்டுங்கள்."

"இந்தப் பொறுப்பை நம் விகடகவி மூக்காண்டியிடம் ஒப்படைக்கலாம்" என்றார் மந்திரி, நெய் ஒழுகும் குரலில். "முடியாவிட்டால் அவனும் அவர்களோடு போகட்டும்." மூக்காண்டி வாயைத் திறந்தால் சபை சிரிக்கும், தாம் திறந்தால் கொட்டாவி விடும். பத்து வருஷமாக மந்திரிக்கு அது வயிற்றெரிச்சல்.

"ஆணையில் யாருக்கும் விலக்கு உண்டா, பிரபு?" என்று கேட்டான் பல்லக்கின் பின்னால் நடந்து வந்த மூக்காண்டி.

"ஒருவனுக்கும் இல்லை." ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

பல்லக்கு நகர்ந்ததும் மூக்காண்டி அந்த நாற்பது பேரிடம் போனான். காத்தாயி என்ற நடவுக்காரி அவனை மறித்தாள்.

"ஏஞ்சாமி, மழயே பேயல, நாங்க எங்க போய் நடுறது? இப்பத் தொரத்திட்டீங்கன்னா, மழ பேஞ்சா மந்திரியா வந்து சேத்துல குனிவாரு?"

மூக்காண்டிக்குச் சட்டென்று ஒரு யோசனை பிறந்தது. "நீ வீட்டுக்குப் போ தாயி. நாளைக்குச் சபையில் வேடிக்கை இருக்கிறது."

மறுநாள் சபை கூடியதும் அவன் முதலில் அரண்மனை வைத்தியரை அழைத்து வந்தான்.

"தங்கள் பல்லைத் தவிர வேறு நோயாளி இல்லாமல் இவர் ஆறு மாதமாகக் காத்திருக்கிறார், பிரபு. இன்று வேலை கொடுத்துவிட்டேன். மந்திரியார் தொந்தியைப் பேதி மருந்தால் குறைக்கப் போகிறார்."

மந்திரி துள்ளினார். மூக்காண்டி மோதிரத்தைக் காட்டினான். ராஜ முத்திரை முன்னால் யார் என்ன செய்ய முடியும்? கால்படி விளக்கெண்ணெய் உள்ளே போயிற்று.

அடுத்து வந்தவன் கொலைக்களத்து வேடப்பன். தோளில் வாள்.

"நாலு வருஷமாக வாளைத் தீட்டித் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான், பாவம். ஒரே ஒரு தலை கிடைத்தால் போதும் என்கிறான்."

வேடப்பனின் கண் மந்திரியின் கழுத்தில் நின்றது. ஆனால் மந்திரி நிற்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடிவிட்டார். சபையே குலுங்கியது.

"போதும் உன் கூத்து" என்றார் ராஜா. "இத்தோடு முடிந்ததா?"

"இன்னும் ஒருவர், பிரபு. எல்லாரையும்விட நெடுநாளாகக் காத்திருப்பவர்."

இளவரசர் வந்தார். நாற்பத்திரண்டு வயது, மீசையில் நரை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் பட்டு உடுத்தி, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார்.

"இவன் எந்த வேலைக்குக் காத்திருக்கிறான்?" என்றார் ராஜா.

மூக்காண்டி சிங்காசனத்தைப் பார்த்தான். இளவரசரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இருக்கும்போது அந்த வேலையை எப்படியடா கொடுப்பாய்?"

"தாங்கள் கொஞ்சம் எழுந்துகொண்டால் மாலைக்குள் முடித்துவிடுவேன். இல்லையென்றால் ஆணைப்படி எல்லைக்கு அப்பால் அனுப்ப வேண்டியதுதான். வாசலில் வண்டி நிற்கிறது, பிரபு. நாற்சந்திக்காரர்களோடு நெருக்கி உட்கார்ந்தால் இவருக்கும் இடம் இருக்கும்."

ராஜாவின் முகம் சிவந்தது.

"இவன் தண்டச்சோறா? நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவன் அல்லவா வேண்டும்?"

"நாளைக்கு மழை பெய்தால் நாற்சந்திக்காரர்கள் அல்லவா வேண்டும், பிரபு?"

ராஜா அவனையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார், பல்வலி போன இடம் தெரியாமல். இளவரசர் மட்டும் சிரிக்கவில்லை.

ராஜா தம் கைக்காப்பைக் கழற்றி மூக்காண்டிக்குப் போட்டார். மந்திரி போட்டுவிட்டு ஓடிய ஏட்டை எடுத்துத் 'தண்டச்சோறு' என்பதை அடித்து, 'காத்திருப்போர்' என்று எழுதினார். மழை வரும்வரை அவர்களுக்கு அரண்மனைக் கூழ் என்றும் உத்தரவு போட்டார். அந்தப் பட்டியலில் முதல் பெயரைத் தம் கையாலேயே எழுதினார். அது அவர் மகனுடையது.

மறுநாள் விடியற்காலையில் நாற்சந்தியில் பட்டியலைப் படித்துவிட்டுக் கூழ் ஊற்றினார்கள். காத்தாயி குடித்துவிட்டு ஒரு கலயத்தை மூடி ஓரமாக வைத்தாள். யாருக்கு என்று கேட்டார்கள்.

"நம்ம எளவரசருக்குத்தான். அவரு நின்னு எம்புட்டு வருசமாச்சு, பாவம்."