கள்ளி மட்டுமே தின்ன பூச்சி

ஒரு ஊர்ல, கடலோரத்து ஊர்ல, தைலின்னு ஒருத்தி இருந்தா. அவ புருசன் கடம்பன் கட்டுமரத்துல போயி மீன் புடிக்கிறவன். அந்தச் சீமைக்கு ஒரு ராசா. கடக்கரையிலதான் அரமன கட்டிக்கிட்டான், ஆனா மீன் நாத்தம் மட்டும் அவனுக்கு ஆவாது. கடக்கரைக்கு வந்துட்டு மீன் நாத்தம்னா எப்பிடி, நீங்களே சொல்லுங்க? அதனால கப்பல்காரங்ககிட்டச் சொல்லி தூரதேசத்துலேருந்து சப்பாத்திக்கள்ளி கொண்டாந்து, கரை நெடுக வேலியா நட்டுட்டான், மீன்காரங்க அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு.

கள்ளி ராசா சொன்ன எடத்துலயா நிக்கும்? பரவுச்சு, பரவுச்சு, பரவிக்கிட்டே போச்சு. மணல்ல படருற அடம்பங்கொடிய அமுக்கி, மணல மூடி, அலை அடிக்கிற எடம் வரைக்கும் வந்துருச்சு. கட்டுமரத்தக் கரையேத்த எடமில்ல. அப்பிடி ஒரு நா பெருங்காத்துல கடம்பனோட மரம் கவுந்து, அலை அவனத் தூக்கி அந்தக் கள்ளிக்குள்ளயே வீசிருச்சு. தைலி கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. உள்ள போக முடியல, அத்தன முள்ளு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. ஒடம்பு கைக்கு வர்ற வரைக்கும் செத்தவன் செத்தவனில்ல. பொண்டாட்டி வாய்விட்டு அழக்கூடாது, தாலியக் கழட்டக்கூடாது, பொழுதுசாய அவனுக்கும் சேத்துச் சோறாக்கி வைக்கணும். தைலியும் ஆக்கி வச்சா. விடிஞ்சா காக்கா தின்னுட்டுப் போவும். பாவம், அவ என்ன பண்ணுவா!

ஊர்சனம் கூடிக் கள்ளிய வெட்டுனாங்க. வெட்டுன மட்டை விழுந்த எடத்துலயே வேர் விட்டுச்சு. அப்புறம் தீ வச்சாங்க. பச்சக்கள்ளி, புகைஞ்சுச்சே தவிர எரியல. அப்புறம், கடலோரத்து சனம்தானே, வேண்டாததக் கடல்ல போட்டுத்தானே பழக்கம், வெட்டுனத எல்லாம் வாரிக் கடல்ல போட்டாங்க. கடல் அத வச்சுக்குமா? பக்கத்து ஊர்க் கரையில கொண்டுபோயி ஒதுக்கிருச்சு, அங்கயும் மொளச்சுருச்சு.

அப்பத்தான் ஒரு கப்பல்காரன் தைலிகிட்டச் சொன்னான், "தாயி, எங்க தேசத்துல ஒரு பூச்சி இந்தக் கள்ளியத் தின்னு அடக்கி வச்சிருக்கு. நீங்க கள்ளிய மட்டும் கொண்டாந்தீங்க, பூச்சிய விட்டுட்டீங்க." அடுத்த தடவ வர்றப்ப ஒரு பானையில கொண்டாந்தான். பாத்தா, கள்ளி மட்டையில அரிசிமாவ அப்புன மாதிரி வெள்ள வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கு.

"இது கள்ளியத் தின்னுட்டு அப்புறம் எங்க பயிர் பச்சையில வாய வச்சா?"

"பட்டினி போட்டுப் பாரு தாயி."

தைலி அடம்பு எலையில விட்டுப் பாத்தா. தொடல, செத்துப்போச்சு. கத்திரிச் செடியில விட்டுப் பாத்தா. தொடல, செத்துப்போச்சு. பனங்குருத்துல விட்டுப் பாத்தா. அதுவும் செத்துப்போச்சு. "பசியில சாவுதே, ஆனா அடுத்ததத் தொட மாட்டேங்குதே"ன்னு அவளுக்கு மனசு தாங்கல. மிச்சமிருந்ததக் கொண்டுபோயி கள்ளியில விட்டா.

அப்புறம் கள்ளி தொவண்டுச்சு, மஞ்சளாப் பழுத்துச்சு, சாஞ்சுச்சு. ராசாவுக்கு வந்துச்சே கோவம்! "யாருடா என் வேலிய அழிக்கிறது? நசுக்குங்கடா அந்தப் பூச்சிய!" சேவகங்க நசுக்குனா, கையெல்லாம் ரத்தமாட்டம் செவப்பு. அந்தச் செவப்பப் பாத்ததும் ராசாவுக்கு ஆசை வந்துருச்சு. "எல்லாத்தையும் சுரண்டிக்கிட்டு வாங்க, எனக்குப் பட்டுக்குச் சாயம் வேணும்"னுட்டான்.

தைலி ஓடிப்போயி கால்ல விழுந்தா. "சாமி, எம் புருசன் உள்ள கெடக்கான். எலும்பாவது எடுத்துக்கிறேன், பூச்சிய விட்டுருங்க சாமி."

"மொதல்ல எம் பட்டு, அப்புறம் உம் புருசன்"னான் ராசா. கேட்டீங்களா, ஒரு மனுசன் பேசுற பேச்சா இது? பூச்சி போனதும் கள்ளி பழையபடி தழைச்சுருச்சு.

அந்தச் செவப்புப் பட்ட உடுத்திக்கிட்டு ராசா படகுல உலாப் போனான், ஊரே பாக்கணுமாம். காத்து புடிச்சுக்கிச்சு. அரமன வாசலுக்கு நேராத்தான் படகு வந்துச்சு, ஆனா ஏற எடம் எங்க? அலை அவனையும் தூக்கிக் கள்ளிக்குள்ள வீசிருச்சு. "தைலி, வெட்டு! தைலி, வழி பண்ணு! தைலி!"ன்னு கத்துறான். அவ அருவாளத் தூக்கிக்கிட்டு ஓடினா, ஆமா, அவதான் ஓடினா. கையெல்லாம் கிழிய வெட்டினா. கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுபோச்சு.

அப்புறம் ராணி தைலி குடிசைக்கு வந்தா, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு. "தைலி, எனக்கும் ஒடம்பு கெடைக்கல. நானும் அழக்கூடாதாம். அந்தப் பூச்சி ஒண்ணாவது இருக்கா?"

இருந்துச்சு. சேவகங்க சுரண்ட வர்றதுக்கு முந்தியே கொஞ்சத்த ஒரு கள்ளி மட்டையோட எடுத்து, அடுப்புக்குப் பின்னாடி ஒரு பானையில தைலி ஒளிச்சு வச்சிருந்தா. ஊர்சனம் "குடுக்காத, கெடக்கட்டும் அவன்"னுச்சு. தைலி சொன்னா, "அவனுக்கா குடுக்குறேன்? இன்னிக்குப் பொழுதுசாய அவனுக்கும் சேத்து ஒல வச்சுட்டு ஒக்காந்திருப்பாளே, அவளுக்குக் குடுக்குறேன். எம் புருசனும் அங்கதான கெடக்கான்?"

பூச்சிய விட்டாங்க. ரெண்டு பொம்பளைகளும் ஒரே மணல்ல ஒக்காந்து, கள்ளி சாகுறதப் பாத்துக்கிட்டிருந்தாங்க. மழை போச்சு, வெயில் வந்துச்சு, திரும்ப மழை வந்துச்சு. கடைசியில கள்ளியெல்லாம் அழுகிக் கரைஞ்சுபோச்சு. உள்ள ரெண்டு எலும்புக்கூடு. ஒண்ணுல செவப்புப் பட்டுக் கிழிசல். இன்னொண்ணுல தைலி கையால முறுக்கிக் கட்டுன அரணாக்கயிறு.

கயித்தத் தொட்டதும் தைலி மாருல அடிச்சுக்கிட்டு அழுதா பாருங்க, அத்தன நாள் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. ராணி அவளக் கட்டிக்கிட்டு அழுதா. மீன் நாத்தம் அடிக்குதுன்னு அவ மூஞ்சியத் திருப்பல.

பூச்சி என்னாச்சா? பக்கத்து ஊர்க் கள்ளியையும் தின்னு தீத்துருச்சு, அப்புறம் தின்னக் கள்ளி இல்ல, அதுவும் பசியில செத்துப்போச்சு. பக்கத்துலயே அடம்பங்கொடி பச்சையா படந்துச்சு, அத அது தொடவேயில்ல. ராசாவுக்கு மட்டும் எது போதும்னு தெரியாமப்போச்சு, முள்ள நட்டவன் முள்ளுலயே கெடந்தான். அவ்வளவுதான் புள்ளைங்களா, கத கரை சேந்துருச்சு, கண்ண மூடிக்கிட்டுப் படுங்க.