வளராத நாற்பது

“இந்த நாப்பதையும் பட்டியல்லேருந்து அடிச்சிடலாமா மேடம்?” என்று கேட்டார் லூர்துசாமி.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. பாடம் நடத்தும் கல்லூரியில் விடுப்பு போட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்தவர். வழிகாட்டி மெஹருன்னிசா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால், லூர்துசாமி வெகுநாளாகக் காத்திருந்த பதவி உயர்வு கைநழுவிப் போய்விடும்.

பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உருண்டை உருண்டையாகத் திரண்டு கிடக்கிறது. கணினிக்குள் ஒரு பிரபஞ்சத்தை ஓடவிட்டு, அந்த உருண்டைகள் எப்படி வளர்கின்றன என்று அளந்திருந்தார் லூர்துசாமி. பெரும்பாலானவை சுற்றியிருப்பதை இழுத்துப் போட்டுக்கொண்டு கொழுத்தன. நாற்பது மட்டும், மற்றவற்றின் அதே எடைக்கு வந்த பிறகு, அப்படியே நின்றுவிட்டன.

“நோஞ்சானுங்க மேடம். கணக்குல ஏதோ கோளாறு.”

உருண்டைகளுக்கு வெளியே என்ன இருந்தது என்று மெஹருன்னிசா கேட்டார்.

கணினியில் இடம் போதவில்லை, அதனால் ஒவ்வொரு உருண்டையையும் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வட்டுகளில் பதிந்து அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டேன் என்றார் லூர்துசாமி. ஒருநாள்கூடத் திறந்து பார்த்ததில்லையாம். இதைப் பெருமையாக வேறு சொன்னார், பாவம்.

“பட்டியலை எடுத்துக்கிட்டு வாங்க சார். பஸ் ஸ்டாப்புல பேசலாம்.”

பல்கலைக்கழக வாசலில் நாற்கரச் சாலை. நிறுத்தத்தில் ஒரு டீக்கடை, நாலு வீடு. ஊர் என்று சொல்ல அவ்வளவுதான்.

அரைமணி நேரம் நின்றார்கள். மெஹருன்னிசா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு பேருந்துகள் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தன.

லூர்துசாமிக்கு எரிச்சல் வந்துவிட்டது. “இத்தனை பஸ் போகுது, ஒண்ணாவது நிக்குதா பாருங்க.”

“எங்க சார் போகுது?”

“எல்லாம் மதுரைக்குத்தான். அவ்வளவு பெரிய ஊரு அங்க இழுக்கும்போது, வழியில இருக்கிறவனுக்கு என்ன கிடைக்கும்...”

சட்டென்று நிறுத்தி, கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

மெஹருன்னிசா பட்டியலை வாங்கி, பேனாவைத் திறந்தார். “அடிச்சிடவா சார்?”

லூர்துசாமி தாளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

“இருங்க மேடம். ஒவ்வொண்ணும் எந்த ரோட்டுல நிக்குது, பக்கத்துல எந்தப் பெரிய உருண்டை இழுக்குதுன்னு அலமாரியைத் திறந்து பாத்துட்டு வரேன்.”

“அதுக்கு மூணு மாசம் ஆகும். வெள்ளிக்கிழமை?”

“போனா போகுது மேடம்.”