சொந்த அணியைச் சுடும் சர்வர்

தூத்துக்குடியில் இணைய விளையாட்டு சர்வர்களைப் பராமரித்து வந்தவர் பிரிசில்லா. அவரைவிடப் பத்து வயது மூத்த திரவியம், மில் வேலை போன பிறகு அவரிடம் அந்தத் தொழிலைக் கற்று வந்தார்.

ஒரு நாள் காலை திரவியம் வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"டீச்சர், மிக்கேலை நம்ம அணியிலிருந்து தூக்கப் போறேன்."

"என்ன செஞ்சான்?"

"சர்வர்ல கை வைக்கான்."

திரவியமும் மிக்கேலும் ஆடும் அணியின் சர்வரில் ஒரு குறை. ஆட்டத்தில் ஒருவர் தன் அணிக்காரரையே சுட்டு வீழ்த்த முடிந்தது. அதைத் தடுக்க, ஆட்ட விதிகள் எழுதியிருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரியை மாற்றினால் போதும். திரவியம் மாற்றினார், சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். வரி பழையபடியே இருந்தது. எத்தனை முறை மாற்றினாலும் அதே கதை.

"நான் திருத்துறேன், அவன் அழிக்கான். போன வாரம் எதிரணிக்காரனோட பரோட்டா கடையில உக்காந்திருந்தான். ஒரே சால்னாவை ரெண்டு பேரும் ஊத்திக்கிட்டாங்க."

"சால்னா ஊத்தினா துரோகியா?"

"மில் சங்கத்துல இருபது வருஷம் இருந்தவன் டீச்சர் நான். துரோகியை வாசனையிலயே பிடிச்சிருவேன்."

கைப்பேசியை நீட்டினார். அணியின் குழுவுக்கு அனுப்ப அறிவிப்புத் தயாராக இருந்தது: 'துரோகி மிக்கேல் இன்று முதல் நீக்கப்படுகிறான். யாரும் அவனோடு பேசக் கூடாது.'

"சர்வருக்குள்ள போற அவனோட அனுமதியை எடுத்துட்டீங்களா?"

"நேத்தே எடுத்தாச்சு. அப்பவும் மாறுது. உள்ளுக்குள்ள அவனுக்கு ஆள் இருக்கு."

"அப்போ எல்லாரையும் வெளியே தள்ளுங்க."

திரவியம் ஒவ்வொருவராக நீக்கினார். தன் பெயரைத் தவிர ஒரு பெயர் மிஞ்சியது. கை நின்றது.

"என் பேருதானே?" என்றார் பிரிசில்லா. "காலையில வந்ததிலிருந்து என்னையும் ஒரு மாதிரியாத்தான் பார்க்கீங்க. எடுங்க."

எடுத்தார்.

"இப்போ உள்ளே யாரு?"

"நான் மட்டும்தான்."

"திருத்துங்க."

ஓடிக்கொண்டிருந்த சர்வரின் ஃபைலைத் திறந்து வரியை மாற்றினார். சேமித்தார். சர்வரை நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்.

பழைய வரி.

"அடுத்து யாரைத் தூக்கணும் அண்ணாச்சி?"

திரவியம் திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினார்.

"அப்போ எழுதுறது யாரு?"

"சர்வர்தான். ஓடும்போது விதியெல்லாம் அதோட நினைவில இருக்கும். நிறுத்தினா, நினைவில இருக்கிற பழசை உங்க திருத்தத்து மேல எழுதிட்டுத்தான் அணையும். முதல்ல நிறுத்துங்க. நின்ன பிறகு எழுதுங்க."

அப்படியே செய்தார். வரி நிலைத்தது.

இருவரும் ஒரே அணியில் ஆட்டத்துக்குள் நுழைந்தார்கள். "சுடுங்க," என்றார் பிரிசில்லா. திரவியம் சுட்டார். பிரிசில்லா விழவில்லை. திரவியம் குழந்தைபோலச் சிரித்தார்.

பிறகு கைப்பேசியை எடுத்தார். அறிவிப்பைப் படித்தார். அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை.

"இது இப்படியே இருக்கட்டும் டீச்சர். சர்வர் சரியாயிட்டு. ஆனா அந்த சால்னா எனக்கு இன்னும் இடிக்குது."

"சர்வரை நிறுத்தித் திருத்தியாச்சு அண்ணாச்சி," என்றார் பிரிசில்லா. "நீங்க இன்னும் பழசோட ஓடிட்டே இருக்கீங்க."