ஆராவமுதனின் சாளக்கிராமம்

குருவுக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. சீடர் ஆராவமுதனின் பேரனுக்கே மீசை முளைத்துவிட்டது. வயதைப் பார்த்தா ஒருவர் காலில் விழுகிறோம்? மனசுக்குப் பிடித்துப்போயிற்று, விழுந்துவிட்டார்.

எங்கே போனாலும் ஆராவமுதன் இடுப்பில் ஒரு பட்டுப்பை இருக்கும். அதற்குள் சாளக்கிராமம், பெருமாளாக வைத்துக் கும்பிடும் கல். "தினம் திருமஞ்சனம் பண்ணு, விட்டுடாதே" என்று அம்மா சாகும்போது கையில் வைத்துவிட்டுப் போனது. அதைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டாமல் அவர் காபி குடித்ததில்லை.

அன்று வெளியூரில் பஸ் வரத் தாமதமானது. வெயிலுக்கு ஒதுங்கலாமென்று இருவரும் அந்த ஊர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார்கள். தாழி, நடுகல், துருப்பிடித்த வாள் என்று பார்த்துக்கொண்டே வந்த ஆராவமுதன், ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டார். உள்ளே அவருடைய சாளக்கிராமம்! அதே கறுப்பு, அதே சுழி.

"இது என்னம்மா?" அங்கே நின்ற காப்பாட்சியர் பெண்ணைக் கேட்டார்.

"அம்மோனைட் சார். கடல் பிராணி. செத்து, ஓடு கல்லாயிடுச்சு. ஒரு வகையில கணவாய் மீனுக்குச் சொந்தம்."

கணவாய்! வெங்காயம்கூடச் சேர்க்காத மனிதர். பையை அவிழ்த்துத் தன் கல்லை எடுத்துக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. பாவம், கண் கலங்கிவிட்டது.

"முப்பது வருஷமா செத்த பிராணிக்கா ஸ்வாமி திருமஞ்சனம் பண்ணிண்டிருந்தேன்? அம்மாவும் ஏமாந்து, நானும் ஏமாந்து..."

கல்லைக் காப்பாட்சியரிடம் நீட்டினார்.

"இதையும் உள்ளே வெச்சுக்கோம்மா. எனக்கு வேண்டாம்."

குரு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"கடல் பிராணின்னீங்களே, இங்க கடல் ஏதும்மா?"

"ஒரு காலத்துல இந்த ஊரே கடல்தான் சாமி. அது போயிடுச்சு, இதுங்க தங்கிடுச்சு."

"அப்புறம் இதுங்களுக்கு யாராவது தண்ணி ஊத்தினாங்களா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "கல்லுக்கு யார் சாமி தண்ணி ஊத்துவா?"

ஆராவமுதனின் கை நீட்டியபடியே இருந்தது. குரு அந்தக் கல்லைப் பார்த்தார்.

"இன்னைக்குக் குளிப்பாட்டியாச்சா?"

"இல்லை ஸ்வாமி. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். இன்னும் காபியே குடிக்கலை."

"கடல் இதை ஒருதரம் விட்டுட்டுப் போயிடுச்சு," என்றார் குரு. "இப்ப நீங்களும் போறீங்களா?"